தொண்டையைத் திறக்கப் போய் கட்டிக்கொண்ட குரல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று பாட்டு வரை தாங்கும். நாலாவது பாட்டில் ‘அம்மா’ என்று மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்து வெறும் காற்று வரும். அன்று ராத்திரி பேச்சுக்குரல் கரகரவென்று இறங்கிவிடும். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் பழைய நிலை. அந்தப் பாடகி சொன்ன புகார் இவ்வளவுதான்.

வயது 27. சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகி. கல்யாண வரவேற்பும் உண்டு என்றாலும், ஆடி மாதம்தான் அவருக்கு முக்கியமான பருவம்: வாரத்துக்கு நாலைந்து அம்மன் கோயில் மேடை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். சித்திரை முடியும்போது, பாடுகிறவர்களுக்குக் குரல் பயிற்சி தரும் என்னிடம் வந்தார். ஆடி பிறக்க இரண்டு மாதம் இருந்தது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் (மின்னும் ஒளியில் நாண்களின் அதிர்வைக் கேமராவால் பார்க்கும் சோதனை) இரண்டு குரல் நாண்களிலும் ஒரே இடத்தில், எதிரெதிரே, லேசான வீக்கம். முன்பக்க மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடம் அது. நாண்களின் அதிரும் பகுதிக்கு அதுதான் நட்டநடு என்பதால் மோதல் அங்கேதான் பலமாக விழும். முடிச்சு கட்டுவதும் அங்கேதான். அவருக்கு இன்னும் முடிச்சாக இறுகவில்லை. மருத்துவர் அறுவை சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை. குரல் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பினார், பேச்சுப் பழக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார், பாட்டு என் பங்குக்கு வந்தது. வீக்கம் நீர்க்கட்டியாக இருந்திருந்தால் கதை வேறு. அதைப் பயிற்சியால் கரைக்க முடியாது. கேமரா உள்ளே போய்ப் பார்க்காமல் குரல் பயிற்சி தொடங்காதீர்கள் என்று நான் வருகிற எல்லோரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பெல்ட் என்பது எது

பேசும்போது வரும் தடித்த குரலை, வழக்கமாகத் தலைக்குரலுக்கு, அதாவது மேல் சுரங்களின் மெல்லிய குரலுக்கு, மாறிக்கொள்ளும் இடத்தைத் தாண்டியும் மேலே கொண்டுபோவதைத்தான் பெல்ட் என்கிறார்கள். கேட்பவருக்குக் கத்துவது போல இருக்கும். பாடுபவருக்கு அப்படி இருக்கக் கூடாது. 1930இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையேறிய பாடகி எதெல் மெர்மன் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்க வைத்தது இந்தக் குரலால்தான். நம் பக்கத்து நாடகக் கொட்டகைகளில் கிட்டப்பாவுக்கும் கே. பி. சுந்தராம்பாளுக்கும் இருந்ததும் அதே தேவைதான். யாரும் அதை பெல்ட் என்று சொன்னதில்லை, ‘எட்டுக்கட்டைச் சாரீரம்’ என்றார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு ஆடி மேடையில் பம்பை, உடுக்கை, தவிலுக்கு மேலே ஏறி நிற்க வேண்டிய ஒரு பெண்குரல் செய்கிற வேலை சந்தேகமில்லாமல் பெல்ட்தான்.

அவர் குரல் உடைந்த இடத்தைக் கீபோர்டில் தேடிப் பார்த்தோம். கட்டை என்பது சுருதி உயரத்தின் கணக்கு, ஏழு முடிந்தால் அடுத்தது மேல் ஒன்று. ஆறு கட்டை, அதாவது 440 ஹெர்ட்ஸ் வரை சமாளித்தார். ஏழு கட்டையில் கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு அடுத்த மேல் ஒரு கட்டையில், 523 ஹெர்ட்ஸில், பிளந்தது. அந்தச் சுரத்தில் குரல் நாண்கள் நொடிக்கு 523 முறை ஒன்றையொன்று அறைகின்றன. பத்து நொடி ‘அம்மா’ என்று இழுத்தால் ஐயாயிரத்துக்கு மேல் அறை. அறை எவ்வளவு பலமாக விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் மூன்று வாரத் தவறு

மூச்சுதான் பிரச்சினை என்று நான் முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். நாபியிலிருந்து பாடு என்று கேட்டே வளர்ந்த காது. கைக்கு முதலில் வருவது அந்த மருந்துதான். விலா விரியும் பயிற்சி, உதட்டை ‘ப்ர்ர்ர்’ என்று அதிர விடுவது, ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியே சுரம் பிடிப்பது என்று மூன்று வாரம் போனது. ஸ்ட்ரா நிஜமாகவே உதவியது, காலைக் கரகரப்பு குறைந்தது. ஆனால் மேல் ஒரு கட்டை அசையவில்லை. சொல்லப்போனால் மோசமானது. நல்ல மூச்சு வந்ததும் நாண்களுக்குக் கீழே அழுத்தம் கூடியது. மேலே வழி அடைபட்டே இருந்ததால் அத்தனை அழுத்தமும் நாண்களின் தலையில் விடிந்தது.

அதை அவரே எனக்குச் சொன்னார். “மூச்சு நல்லா வருதுக்கா. வர்ற மூச்சு எங்க போய் முட்டுதுன்னுதான் தெரியல.”

முட்டுகிற இடத்தைத் தேட அன்றுதான் ஆரம்பித்தேன். செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, கழுத்து தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தோம். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அரை நொடியிலேயே விஷயம் இருந்தது. வாய் திறப்பதற்கு முன்பே குரல்வளை கழுத்துக்குள் கிணற்று வாளி மாதிரி இறங்கியது. சுரம் மேலே ஏற ஏற அதை இன்னும் கீழே அமுக்கினார். தாடைக்கு அடியில், மோவாய்க்குப் பின்னால், கட்டைவிரல் வைத்துப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. நாக்கின் அடிப்பகுதி மொத்தமும் பின்னால் போய்க் கீழே அழுத்துகிறது என்று அர்த்தம்.

“இப்படி வெச்சுக்கணும்னு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

இரண்டு வருடமாக இணையத்தில் மேற்கத்தியக் குரல் வகுப்பு போகிறாராம். “தொண்டையைத் திற, கொட்டாவி விடுற மாதிரி வை, உள்நாக்கைத் தூக்குன்னு சொல்வாங்கக்கா. அதைத்தான் செய்யறேன்.”

வகுப்பெடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆப்பரா பக்கம் போகிற குரலுக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் ‘தொண்டையைத் திற’ என்கிற ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: குரல்வளை எந்த உயரத்தில் தொங்குகிறது, நாக்கின் அடி எங்கே கிடக்கிறது, வாய்க்கூரையின் பின்பக்க மென்பகுதியான மெல்லண்ணம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா. கொட்டாவி மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பக்கம் இழுக்கிறது. பெல்ட்டுக்கு அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டும்.

குடமும் நாதஸ்வரமும்

இது கொஞ்சம் கணக்கு. ஆனால் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

எந்தச் சுரம் பாடினாலும் அதோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று அடுக்கடுக்காக ஹார்மோனிக்குகள் கிளம்பும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய்க்குச் சொந்தமாகச் சில ஒத்ததிர்வுகள், அதாவது அது தானாகவே பெரிதாக்கிக் காட்டும் அதிர்வெண்கள், உண்டு. அவற்றில் முதலாவது ஒரு ஹார்மோனிக்கின் மேல் போய் உட்கார்ந்தால், அந்த ஹார்மோனிக் செலவில்லாமல் பெரிதாகும். பெல்ட்டின் அடையாளமே முதல் ஒத்ததிர்வு இரண்டாம் ஹார்மோனிக்கோடு சேர்வதுதான். மேல் ஒரு கட்டையின் இரண்டாம் ஹார்மோனிக் 1046 ஹெர்ட்ஸ். பேச்சில் பெண்கள் சொல்லும் ‘ஆ’வின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 850லிருந்து 950. ஆக, அதை இன்னும் நூறு, இருநூறு மேலே தள்ள வேண்டும். குழாயைக் கொஞ்சம் குட்டையாக்கி, முன்பக்கத்தை அகலமாக்கினால் அது தானே ஏறும். அதாவது குரல்வளை சற்று உயரலாம், நாக்கு முன்னால் வரலாம், வாய் தாராளமாகத் திறக்க வேண்டும்.

இவர் செய்தது நேர் எதிர். குரல்வளையை அமுக்கிக் குழாயை நீளமாக்கினார். பின்பக்கத்தை அகலமாக்கி, உதட்டைக் குவித்து முன்பக்கத்தைச் சுருக்கினார். ஒத்ததிர்வு கீழே இறங்கிவிட்டது. குடத்துக்குள் முகத்தை வைத்துப் பாடுவது போல ஆயிற்று. உள்ளே பிரமாதமாக முழங்கும், வெளியே ஆளுக்குக் கேட்காது. கேட்கவில்லை என்றதும் அடிக்கிறார். அடிக்க அடிக்க நாண்கள் வீங்குகின்றன.

நாதஸ்வரத்தைப் பாருங்கள். ஊதுகிற சீவாளி இருக்கிற பக்கம் குறுகல், போகப் போக அகலம், கடைசியில் அனசு என்கிற வாய்ப்பகுதி விரிந்து நிற்கிறது. பெல்ட் பாடும் வாய்க்குக் கிட்டத்தட்ட அந்த வடிவம்தான். அவரிடம் இப்படிச் சொன்னபோது, மற்ற எல்லா விளக்கத்தையும் விட இதுதான் சட்டென்று பிடிபட்டது. அவருடைய தாத்தா தவில்காரர்.

அதற்காகக் குரல்வளையைத் தூக்கிப் பிடி என்றும் நான் சொல்லவில்லை. ‘உயரலாம்’ என்பது அனுமதி, கட்டளை இல்லை. வலிந்து தூக்கினால், குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் மடிப்புகளான பொய் நாண்கள் நடுவில் நெருக்கிக்கொண்டு வேறு வகை அடைப்பு வரும். அதைத் தள்ளி வைக்க ஒரு வழி: கல்யாணப் பந்தியில் யாரோ பாயசத்தைக் கொட்டிக்கொள்கிறார், சிரிக்கக் கூடாத இடம், சிரிப்பை விழுங்குகிறீர்கள். அப்போது குரல்வளைக்குள் பக்கவாட்டில் ஒரு அகலம் வரும், கவனித்திருக்கலாம். அந்த அகலம் இருக்கட்டும், குரல்வளை எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும்.

கீரைக்காரம்மா

இரண்டு வருடப் பழக்கத்தை ‘செய்யாதே’ என்று சொல்லி மாற்ற முடியாது. வேறு எதையாவது செய்யச் சொல்ல வேண்டும். பாட்டை மூடி வைத்தோம். காலையில் உங்கள் தெருவில் வருகிற கீரைக்காரம்மா மாதிரி கூவிக்காட்டுங்கள் என்றேன். வெட்கப்பட்டார். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் நின்று, “கீரேஏஏஏய்” என்று ஒரு குரல் விட்டார்.

கீபோர்டில் தொட்டுப் பார்த்தேன். ஏழு கட்டை. கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. இருமல் இல்லை. எதிர்வீட்டு அம்மா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“இதே ஏழு கட்டைலதான் நேத்து செத்துப் போனே” என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. ஒலியைக் கோடுகளாகப் படம் போட்டுக் காட்டும் பிராட் என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிவையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். பாட்டில் ‘ஆ’வுக்கு இரண்டாம் ஹார்மோனிக்கின் கோடு வெளிறிக் கிடந்தது. கூவலில் அது தடித்துக் கறுத்திருந்தது. மேலே 3000 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை. நம் காது அதிகம் கூர்மையாக இருக்கும் இடம் அது. பலம் கூட்டாமலே தவிலைத் தாண்டிக் கேட்க வைப்பதும் அதுதான். குரல்வளையின் வாசல் சற்றுக் குறுகும்போது அந்தப் பட்டை வரும். சின்னப் பிள்ளைகள் அழகு காட்டி “வெவ்வெவ்வே” என்பார்களே, அந்தச் சத்தம். அதையே பயிற்சியாக வைத்தோம்: வெவ்வெவ்வே, அப்புறம் கீரேய், அப்புறம் அதே இடத்திலிருந்து ‘தாயே’. ‘ஏ’ முன்நாக்கு உயிரெழுத்து, நாக்கின் அடியைப் பின்னால் போகவே விடாது. அதிலிருந்து ‘ஆ’வுக்கு நகரும்போது நாக்கு வந்த வழியே பின்னால் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐந்து நாளில் ‘தாயே’ நின்றது. ஆறாவது வாரம் மேல் ஒரு கட்டையில் ‘ஆ’ நின்றது, நாலு நொடி.

மூக்குப் பக்கம் ஓடிய காற்று

ஆனால் ‘அம்மா’ நிற்கவில்லை. ‘தாயே’ நிற்கிறது, ‘காளி’யின் ‘கா’ நிற்கிறது, ‘அம்மா’ மட்டும் மெலிந்து, மூக்கால் அழுவது போல வருகிறது.

வெவ்வெவ்வே பயிற்சியால் கூர்மையான சத்தத்தின் ருசி கண்டுகொண்டவர், அதை மூக்கில் தேட ஆரம்பித்திருந்தார். எல்லோரும் விழும் குழி இது. கூர்மையும் மூக்கொலியும் காதுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும், உள்ளே வேலை வேறு வேறு. முந்தையது குரல்வளை வாசலில் நடப்பது. மற்றது மெல்லண்ணம் தொங்கி, மூக்குக்குப் போகிற கதவு திறந்து கிடப்பது. அந்தக் கதவு திறந்தால் ஒலியின் ஒரு பங்கு மூக்கறைகளின் ஈரச் சுவர்களில் ஊறிப்போகும். அரும்பாடுபட்டு இரண்டாம் ஹார்மோனிக் மேல் ஏற்றி வைத்த முதல் ஒத்ததிர்வும் மழுங்கிவிடும். பழையபடி கேட்கவில்லை என்று அடிக்கத் தோன்றும்.

சோதிப்பது சுலபம். ‘ஆ’ என்று இழுக்கும்போது இரண்டு விரலால் மூக்கைப் பொத்தித் திறக்க வேண்டும். சத்தம் மாறக் கூடாது. அவருக்கு ‘கா’வில் மாறவில்லை, ‘மா’வில் சளி பிடித்தது போல அடைத்தது. காரணம் எழுத்திலேயே இருக்கிறது. ‘ம்’ சொல்ல மெல்லண்ணம் கீழே தொங்கித்தான் ஆக வேண்டும். ‘அம்மா’வில் அது இரட்டித்து வருகிறது. மேல் சுரத்தில் ‘ம்’மிலிருந்து ‘ஆ’வுக்குத் தாவும் கணத்தில் மெல்லண்ணம் சட்டென்று ஏறிக் கதவை அடைக்க வேண்டும், இவருக்கு ஏறவில்லை.

மருந்து கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். ஒரு வாரம் அம்மன் பாட்டு முழுவதையும் ‘அப்பா’ என்று பாட வைத்தேன். ‘ப்’ சொல்ல வேண்டுமானால் வாய்க்குள் காற்று அடைபட வேண்டும், மெல்லண்ணம் மூடாமல் அடைபடாது. நாம் தூக்கச் சொல்ல வேண்டியதே இல்லை, எழுத்தே தூக்கிவிடும். அது பழகியதும் ‘அப்பா, அம்மா, அப்பா, அம்மா’ என்று மாற்றி மாற்றி. அப்புறம் ‘அங்ங்ங்–கா’: மெல்லண்ணம் நாக்கின் பின்புறத்தை விட்டுப் பிரிந்து ஏறுவதை அதில் நன்றாக உணர முடியும். பக்கத்து அறையில் அவர் தம்பி கேட்டுவிட்டு, “மாரியப்பாவா?” என்று கிண்டல் செய்தானாம்.

சரி, மெல்லண்ணம் ஏற வேண்டும் என்றால் கொட்டாவி சரிதானே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மெல்லண்ணத்திலிருந்து ஒரு தசை நாக்கின் பக்கங்களுக்கும், இன்னொன்று தொண்டைச் சுவர் வழியாகக் குரல்வளைக் குருத்தெலும்புக்கும் இறங்குகின்றன. குரல்வளையைக் கீழே அமுக்கிக்கொண்டே அண்ணத்தை மேலே தூக்கினால் இந்தத் தசைகள் கயிறிழுப்புப் போட்டி நடத்தும். குரல்வளையைக் கொஞ்சம் ஏற விட்டால் கயிறு தளரும். அவ்வளவு உயரம் அண்ணம் போகத் தேவையும் இல்லை. கதவு மூடினால் போதும், கோபுரம் கட்ட வேண்டாம்.

உயிரெழுத்துகளோடு பேரம்

‘ஈ’, ‘ஊ’ இரண்டும் வேறு தொல்லை. பேச்சில் இவற்றின் முதல் ஒத்ததிர்வு 300லிருந்து 450 ஹெர்ட்ஸுக்குள். அதை 1046க்கு ஏற்றினால் அது ‘ஈ’யாகவே இருக்காது. ‘ஈஸ்வரி’ மேல் ஒரு கட்டையில் வந்தால் ‘ஏ’யின் சாயலை நிறையக் கலக்கச் சொன்னேன். கர்நாடக சங்கீதம் ஆறு வருடம் படித்தவர், உச்சரிப்பு சிதைவதை ஏற்க மனம் வரவில்லை. பதிவைக் கேட்டபோது, ஜனங்கள் காதில் அது ‘ஈஸ்வரி’யாகத்தான் விழும் என்று ஒப்புக்கொண்டார். ‘ஊ’வுக்கு எங்களிடம் வழி இல்லை. ‘ஊரெல்லாம்’ என்று உச்சத்தில் தொடங்கும் ஒரு வரியைக் குழுத் தலைவரிடம் பேசிக் கீழே இறக்கினோம்.

மேடையில்

ஆனிக் கடைசியில் ஒரு வரவேற்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் அறையில் அழகாகப் பாடியவர் மேடையில் முதல் பாட்டிலேயே பழைய குடத்துக்குத் திரும்பினார். காரணம் அவர் இல்லை, பாடுகிறவருக்குத் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் பாக்ஸ். அது டிரம் பேட் வாசிப்பவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதைச் சொல்லிவிட்டார். இடைவேளையில் பாக்ஸைப் பாடகியின் பக்கம் திருப்பி வைத்தோம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இரண்டு மாதப் பயிற்சியைவிட அந்த ஒரு நிமிடம் பெரிதாகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாட்டு வரிசையையும் மாற்றினோம்: உச்சப் பாட்டுகள் இரண்டு அடுத்தடுத்து வராது. பனங்கற்கண்டும் அதிமதுரமும் அவர் பையில் எப்போதும் இருக்கும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தொண்டைக்கு இதம்தான். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடாது, தொட்டால் புரையேறும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன்: பாடும்போது திடீரென்று குரல் மொத்தமாகப் போனால் அடுத்த வரி கூட வேண்டாம். நாண்களில் ரத்தம் கசிந்திருக்கலாம். மேடையை விட்டு இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆடிக்குப் பின்

அந்த ஆடியில் 17 மேடை. இரண்டில் மட்டும் ராத்திரி கரகரப்பு வந்தது, இரண்டுமே காலையில் தெளிந்துவிட்டது. ஆவணியில் எடுத்த ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் இடது பக்க வீக்கம் காணோம், வலது பக்கம் ஒரு தடம் மட்டும். மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இது பயிற்சியால் மட்டும் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன்: சிகிச்சையாளர் அவருடைய போன் பேச்சைப் பாதியாகக் குறைத்திருந்தார், மானிட்டர் திரும்பியிருந்தது, ஒரு பாட்டை அரைக் கட்டை இறக்கியிருந்தோம். அரைக் கட்டை இறக்கியதில் குழுத் தலைவருக்கு இன்னும் மனக்குறை. மேல் ஒன்றரைக் கட்டை பாடகிக்கு இன்றும் கைக்கு வரவில்லை, வருமா என்றும் சொல்ல முடியாது.

போன வாரம் ஒரு கோயில் மேடைக்கு அழைத்திருந்தார். திரைக்குப் பின்னால் நின்று, ஏறுவதற்கு முன்னால், சுருதி கேட்டு “கீரேஏஏய்” என்று ஒரு குரல் விட்டார். பம்பை அடிப்பவர் தோல்பட்டையை இறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: “கட்டு என்ன விலைம்மா?”